மாவுக்கட்டோடு டேகேருக்கு

பெங்களூரில் இரண்டு வயதுக் குழந்தைக்கு மணிக்கட்டருகே எலும்பு முறிந்து கட்டுப் போட்டாகிவிட்டது என்றால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே திங்கட்கிழமையைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். அப்பா, அம்மா இருவருக்கும் அலுவலகம். தாத்தா, பாட்டி இருப்பது சேலத்திலோ திருநெல்வேலியிலோ. பெல்லந்தூர், வைட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமெல்லாம் இத்தனை டேகேர்கள் இருப்பதற்குக் காரணமே இந்தக் குடும்ப அமைப்புதான். கட்டுப் போட்ட குழந்தையை அங்கே அனுப்பலாமா என்று கேட்டால் உறவினர் ஒன்று சொல்வார்கள், டேகேர் நடத்துபவர் வேறொன்று சொல்வார், மருத்துவர் "மூன்று வாரம் கழித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார். இப்படிப் பதில்கள் முட்டிக்கொள்வதற்குக் காரணம், எல்லோரும் எலும்பை மட்டுமே பார்ப்பதுதான் என்று தோன்றுகிறது. சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் முறிவுகளில் பெரும்பாலானவை, முதல் இரண்டு மூன்று நாள் தாண்டிவிட்டால், குழந்தையை வீட்டில் கட்டிப்போட்டு வைக்கச் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அனுப்பலாமா, கூடாதா என்பதை முடிவு செய்வது அந்தக் காப்பகம்: அங்கே எத்தனை ஆயாக்கள், எத்தனை குழந்தைகளை, எப்படிப்பட்ட இடத்தில் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது.

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம். குழந்தையின் எலும்பு பெரியவர் எலும்பின் சிறிய பிரதி கிடையாது. அதில் தாது உப்பின் பங்கு குறைவு, வளையும் தன்மை அதிகம். எலும்பைச் சுற்றியிருக்கும் உறை தடிமனாகவும் ரத்த ஓட்டம் மிகுந்ததாகவும் இருக்கும். அதனால் அடி விழும்போது பல சமயம் எலும்பு இரண்டாகப் பிளப்பதில்லை. பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் நார் கிழிந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டே இருக்குமே, அதே மாதிரி முறியும். மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரும் பச்சைக்கொம்பு முறிவுதான். இன்னும் லேசானது புடைப்பு முறிவு. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பின் சுவர் நசுங்கி, எக்ஸ்ரேயில் ஒரு சிறு வீக்கம்போலத் தெரியும். உறை கிழியாமல் இருப்பதால் முறிந்த துண்டுகள் இடம் மாறாது. புது எலும்பை உண்டாக்கும் செல்களும் அந்த உறையிலேயே இருப்பதால் ஆறுவதும் விரைவு. பிறந்த குழந்தையின் தொடை எலும்பு இரண்டு வாரத்தில் கூடிவிடும். வளர்ந்தவருக்கு அதே எலும்பு கூட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் காறை எலும்பு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கோணலாகக் கூடினாலும், வளர வளர அந்தக் கோணலில் பெரும்பகுதியை உடலே நேராக்கிக்கொள்ளும். பாரம் விழும் திசைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே நூலாக எழுதினார். அந்தத் திருத்தம் மிக வேகமாக நடப்பது குழந்தைப் பருவத்தில்தான்.

முறிந்த எலும்பு என்றாலே அசையக்கூடாது என்ற எண்ணத்தை அண்மைக்கால ஆய்வுகள் நன்றாகவே அசைத்துவிட்டன. மணிக்கட்டுப் புடைப்பு முறிவு உள்ள 965 பிள்ளைகளை பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2022-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பாதிக்கு விறைப்பான கட்டு; மறுபாதிக்கு வெறும் துணிக்கட்டைக் கொடுத்து, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வலியிலும் சரி, ஆறு வாரம் கழித்துக் கையின் பயன்பாட்டிலும் சரி, இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தப் பிள்ளைகள் 4 முதல் 15 வயதுக்காரர்கள், டேகேர் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் வயது குறையக் குறைய எலும்பு இன்னும் வேகமாகத்தான் ஆறும் என்பதால் மறுப்பு எதிர்த்திசையில்தான் வேலை செய்கிறது. காலிலும் இப்படி ஒன்று உண்டு. நடை பழகும் வயதில் கால் மாட்டிக்கொண்டு உடல் திரும்பும்போது, முழங்காலுக்குக் கீழ் உள்ள பெரிய எலும்பில் மெல்லிய திருகு விரிசல் விழும். 1964-இல் கனடா மருத்துவர் டன்பாரும் அவருடைய குழுவினரும் விவரித்த இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியவே தெரியாது. குழந்தை காலை ஊன்ற மறுப்பதுதான் ஒரே அடையாளம். பத்து நாள் கழித்துப் புது எலும்பு படரும்போதுதான் படத்தில் வெள்ளைக்கோடு தெரியும். பூங்காவில் சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவது இந்த முறிவுக்குப் பேர்போன காரணம். குழந்தையின் ரப்பர் செருப்பு பக்கச்சுவரில் பிடித்துக்கொள்ள, பெரியவரின் எடை கீழே இழுக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே காலை முறிக்கிறது.

எலும்பு தடை சொல்லும் முறிவுகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு வாதாடினால் அது வாதமாகாது. எலும்பின் முனைக்கருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை உள்ளது. நீளம் கூடுவது அங்கேதான். அதில் விழும் முறிவுகளை டொரான்டோவின் சால்ட்டரும் ஹாரிஸும் 1963-இல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் மருத்துவர்களின் சீட்டில் அந்த இருவர் பெயரும் ஓர் எண்ணும் இருப்பதைக் காணலாம். எண் கூடக் கூட எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ வளரும் ஆபத்தும் பொதுவாகக் கூடும். முழங்கைக்குச் சற்று மேலே விழும் முறிவு இன்னொன்று. இடம் மாறியிருந்தால் கம்பி வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. தொடை எலும்பு முறிவு தனி ரகம், அதற்குக் கடைசியில் வருகிறேன். இவற்றுக்கெல்லாம் டேகேர் பற்றிய கேள்வியை மருத்துவரிடமே நேராகக் கேட்டுவிட வேண்டும். "கட்டு எத்தனை வாரம்" என்று மட்டும் கேட்டால் போதாது. "துண்டுகள் இடம் மாறுமா, ஒரு வாரத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டுமா, ஓடியாடலாமா" என்ற மூன்றையும் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அந்தச் சீட்டு பிறகு டேகேர் வாசலில் உதவும்.

எந்த முறிவானாலும் முதல் மூன்று நாள் குழந்தை வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. காரணம் வலி மட்டுமன்று, வீக்கம். அடிபட்ட திசு முதல் 48 மணி நேரத்துக்கு வீங்கிக்கொண்டே போகலாம். அதைச் சுற்றி இறுகிய கட்டு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். கட்டு இறுகியதால் கை சுருண்டு, விரல்கள் மடங்கிப்போவதை ஜெர்மனியின் ஃபோல்க்மன் 1881-இல் விவரித்தார். அது வந்துவிட்டால் முழுதாக மீட்பது கடினம். இதனால்தான் பல மருத்துவமனைகளில் முதலில் முழு மாவுக்கட்டுப் போடாமல் ஒரு பக்கத்துக்கு மட்டும் பட்டை வைத்துத் துணியால் சுற்றி அனுப்புகிறார்கள். பெங்களூரில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் கண்ணில் படும் புத்தூர் கட்டு என்ற நாட்டு எலும்பு வைத்தியத்தின் விளம்பரப் பலகைகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லேசான முறிவு எந்தக் கட்டிலும் ஆறிவிடும், அந்தப் புகழில் பாதி குழந்தை எலும்பின் கைங்கரியம். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டி, வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் மட்டும் புகழ் உதவாது. பெரியவர் என்றால் "விரல் மரத்துப்போகிறது" என்று சொல்லிவிடுவார். இரண்டு வயதுக் குழந்தை அழும், அவ்வளவுதான். ஆகவே மருத்துவர்கள் சிறு குழந்தைகளிடம் மூன்றைக் கவனிக்கச் சொல்கிறார்கள்: தணியாத பதற்றம், யார் தூக்கினாலும் அடங்காத அழுகை, வலி மருந்து முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுவது. இந்த மூன்றையும் பிரித்தறிய அந்தக் குழந்தையின் சாதாரண அழுகை எது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அது அம்மாவோ அப்பாவோ பாட்டியோ. பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு நடுவே நிற்கும் ஆயாவால் முடியாது.

நான்காம் நாளிலிருந்து கேள்வி வேறாகிறது. நோயுற்ற குழந்தையைக் காப்பகம் எப்போது திருப்பி அனுப்பலாம் என்பதற்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து வகுத்த விதிகள் மூன்று சோதனைகளை வைக்கின்றன. குழந்தையால் மற்றவர்களோடு சௌகரியமாக இருக்க முடிகிறதா? அதைக் கவனிக்கப்போய் மற்றக் குழந்தைகளின் கவனிப்பு கெடுமா? மற்றவர்களுக்குத் தொற்றுமா? சளி, அம்மை, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் மூன்றாவதுதான் முக்கியம். நம் ஊர் டேகேர்களின் விதிப்புத்தகங்களும் பெரும்பாலும் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. எலும்பு முறிவு தொற்றாது. ஆகவே தொற்றுக்கு எழுதிய "முழுதாகக் குணமான பிறகே சேர்ப்போம்" என்ற விதியை இதற்கும் நீட்டுவது அர்த்தமற்றது. முதல் சோதனைக்குப் பதில் முந்தைய இரவிலேயே கிடைத்துவிடும்: குழந்தை தூங்கியதா, சாப்பிட்டதா, எடைக்கேற்ற அளவு பாராசிட்டமாலிலோ இபுப்ரோஃபெனிலோ வலி அடங்கி விளையாடியதா. எஞ்சியது இரண்டாவது சோதனை. அது கைகளின் கணக்கு. மேலே சொன்ன அமெரிக்க விதிகள் ஒன்று முதல் மூன்று வயது வரை நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்கின்றன. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்காரர்களுக்கு நான்குக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒருவராகத் தளர்த்தியபோதே பெரும் சச்சரவு. இந்தியாவின் தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வைத்தது. தனியார் டேகேர்கள் விளம்பரத்தில் சொல்லும் விகிதம் வேறு, மதியம் ஒரு ஆயா சாப்பிடப் போனபின் இருக்கும் விகிதம் வேறு. பெற்றோர் விசாரிக்க வேண்டியது இரண்டாவதை.

கட்டுப் போட்ட குழந்தை எவ்வளவு வேலையைக் கூட்டும் என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு புரியும். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை விரல் நகத்தை அழுத்தி விட வேண்டும். வெளுத்த நகம் இரண்டு நொடியில் மறுபடி சிவந்துவிட வேண்டும். விரல் நீலம் பாரித்திருந்தாலோ சில்லிட்டிருந்தாலோ உடனே தொலைபேசி. சாப்பிடும்போது சாம்பார் சாதத்தில் ஒரு பருக்கை கட்டுக்குள் போனால் மூன்று நாளில் நாற்றமெடுக்கும். பருக்கை, மணல், பென்சில் துண்டு எதையும் குழந்தை அதற்குள் திணிக்கத்தான் பார்க்கும். மேலே இருப்பது ஃபைபர் கட்டாக இருந்தாலும் உள்ளே வைத்த பஞ்சு நனைந்தால் காயாது, தோல் வெந்துபோகும். ஆகவே தண்ணீர் விளையாட்டு கிடையாது, கை கழுவுவது பிளாஸ்டிக் உறை போட்டு. தூங்கும்போது கை தலையணை மேல். இதற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு: கட்டுப் போட்ட கை நல்ல ஆயுதம். பொம்மைக்குச் சண்டை வந்தால் அடி வாங்குவது அடுத்த குழந்தையின் மூக்கு. கட்டின்மேல் ஒரு தடித்த காலுறையை இழுத்து மாட்டிவிடுவது அனுபவம் உள்ள ஆயாக்களின் உபாயம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாள் முழுவதற்கும் அதிகம்போனால் அரை மணியோ முக்கால் மணியோதான் ஆகும். நான்கைந்து குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவுக்கு அது சுமையே இல்லை. பன்னிரண்டைப் பார்ப்பவருக்கு அது முடியாத காரியம்.

"மற்றக் குழந்தைகள் தள்ளிவிட்டால்?" என்பது எல்லோரும் எழுப்பும் ஆட்சேபம். நியாயமானதுதான், ஆனால் தவறான இடத்தைக் காட்டுகிறது. சம உயரக் குழந்தை தரையில் தள்ளிவிடும் வேகத்தைத் தாங்கத்தான் கட்டே இருக்கிறது. பயப்பட வேண்டியது உயரத்திலிருந்து விழுவதற்கு. ஒரு கை கனத்திருக்கும் குழந்தைக்குச் சமநிலை தவறும், விழும்போது ஊன்றவும் ஒரு கைதான். குடியிருப்பு வீட்டை அப்படியே டேகேராக மாற்றிய கட்டடங்களில் மாடிப்படி, சறுக்குமரம், குதிக்கும் டிராம்போலின் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றை அந்தச் சில வாரத்துக்குக் கதவு போட்டு மூட முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வீடு இதைவிடப் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டிலிருந்தே வேலை என்று மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் சோபா இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பால்கனி நாற்காலி இருக்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. முன்கை எலும்பின் நடுப்பகுதி முறிந்திருந்தால் மறுபடி அதே இடத்தில் முறியும் ஆபத்து கட்டைப் பிரித்தபின் வரும் வாரங்களில்தான் அதிகம். பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, டேகேரும் "இனி எல்லாம் சரி" என்று சறுக்குமரத்தைத் திறந்துவிடும் நேரம் அது.

பெங்களூரில் டேகேரைவிட டேகேருக்குப் போகும் வழி மோசம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றபடி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு போகும் குழந்தைகளை எந்தச் சிக்னலிலும் பார்க்கலாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு இருசக்கர வாகனத்தில் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் 2022 விதி சொல்கிறது. விதி இருக்கட்டும், கட்டுப் போட்ட கையால் குழந்தை எதைப் பற்றிக்கொள்ளும்? மழைக்காலத்து மாலையில் பள்ளத்துக்குத் தப்பி வண்டியை ஒடிக்கும்போது, டேகேரில் பகல் முழுக்கக் காத்த கட்டு வழியில் நனைவதோ, இன்னொரு எலும்பு முறிவதோ நடக்கும். கட்டு பிரியும்வரை ஆட்டோவோ காரோ என்று வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவையும் சேர்த்தே இந்த முடிவை எடுக்க வேண்டும்.

டேகேர் நடத்துபவர்கள் மறுப்பதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பொறுப்பைப் பற்றிய பயம். இரண்டாவது முறை அடிபட்டால் யார் தலையில் விழும் என்ற பயம் அது. அந்தப் பயம் கெடுதலாக மாறுவது முதல் முறிவே டேகேரில் நடந்திருக்கும்போது. விழுந்ததை மறைத்து, "காலையிலிருந்தே நொண்டினான்" என்று சொல்லிவிட்டால், மருத்துவருக்குக் கிடைக்க வேண்டிய முக்கியமான தகவல் தொலைந்துபோகிறது. எப்படி விழுந்தது என்பதற்கும் எப்படி முறிந்திருக்கிறது என்பதற்கும் பொருத்தம் உண்டா என்று பார்ப்பது குழந்தை எலும்பு மருத்துவத்தின் அடிப்படை. அடித்துத் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பியும் சகாக்களும் 1962-இல் எழுதியதிலிருந்து அது மருத்துவர்களின் கடமையாகவே ஆகிவிட்டது. இன்னும் நடக்கவே தொடங்காத குழந்தைக்கு, சொல்லும்படியான விபத்து எதுவும் இல்லாமல் எலும்பு முறிந்திருந்தால், வீடோ டேகேரோ, யாரையும் குற்றம்சாட்டும் முன் முழுப் பரிசோதனை வேண்டும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயும், ரிக்கெட்ஸும்கூடக் காரணமாக இருக்கலாம். மறைக்காமல் அன்றன்றே எழுதி வைக்கும் விபத்துப் பதிவேடு ஒன்றே குழந்தையையும் ஆயாவையும் ஒருசேரக் காப்பாற்றும்.

இதுவரை பேசியதெல்லாம் பணம் கொடுத்து டேகேரைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களைப் பற்றியது. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூரு சாலையிலும் ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கும் பெண்களுக்குத் தேர்வு கிடையாது. ஆலையின் காப்பகம் அல்லது பக்கத்து வீடு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த நிறுவனத்துக்கும் அதை விரித்தது; அம்மா நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. பால் கொடுப்பதை நினைத்து எழுதிய பிரிவாக இருக்கலாம். ஆனால் கட்டுப் போட்ட கைக்கு அது அளவெடுத்தது போலப் பொருந்துகிறது: ஒரு ஷிஃப்டில் நான்கு முறை, அம்மாவே நகத்தை அழுத்திப் பார்க்கலாம். அந்த நான்கு முறையும் உற்பத்தி இலக்கை விட்டு எழுந்திருக்க மேற்பார்வையாளர் விடுவாரா என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்வதில்லை.

தொடை எலும்பு முறிவில் இந்த வாதம் முழுவதும் நின்றுபோகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை பெரும்பாலும் செய்வது மார்புக்குக் கீழிருந்து கால்வரை போடும் பெரிய மாவுக்கட்டு, நான்கிலிருந்து ஆறு வாரம். குழந்தையால் உட்கார முடியாது. கட்டின் இடைவெளிக்குள் டயப்பரைச் செருகி அடிக்கடி மாற்ற வேண்டும். தூக்குவதற்கே இரண்டு பேர் வேண்டும். எந்த டேகேரின் ஆள்கணக்கும் இதைத் தாங்காது, வீட்டில்தான் இருக்க வேண்டும். ஸ்வீடனில் நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை பெற்றோருக்கு உதவித்தொகை உண்டு. இங்கே மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. தையல் இயந்திரத்தின் முன் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி கிடைக்கும், அவருக்கே நோய் வந்தால். குழந்தையின் கால் அந்தக் கணக்கில் வராது. மிச்சம் இருப்பது 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பள விடுப்பு. ஆண்டு முழுக்க ஒரு நாள் தவறாமல் வந்து 300 நாள் வேலை பார்த்திருந்தால் 15 நாள். ஆறு வாரத்துக்கு 36 வேலைநாள் வேண்டும்.